ரேம் டைமிங்கைத் திருத்துவது எப்படி: நெல்லைச் சீமை வெயிலுக்கு ஏற்ற ஒரு வழிகாட்டி

கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரின் பில்லில் '3200 ரேம்' என்று இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் அது 2133-லோ 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ரேம் ஸ்டிக்கில் தகவல் பதிந்த சின்னச் சிப் ஒன்று உண்டு. எந்த போர்டிலும் சிக்கலில்லாமல் ஓடக்கூடிய அடிப்படை வேகம் அதில் எழுதியிருக்கும். அதற்கு மேலாக, தயாரித்த நிறுவனமே சோதித்துப் பார்த்த வேகமும் எழுதியிருக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) போய் நாம் சொல்லாதவரை மதர்போர்டு முதலாவதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

அந்த இரண்டாவது வேகத்தை எழுப்புவது, பிறகு டைமிங் எண்களை ஒவ்வொன்றாகக் குறைப்பது, கையில் இருக்கும் ரேம் எவ்வளவு தூரம் போகும் என்று கணிப்பது ஆகியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் எண்களில் பல ஏசி அறையில், குளிர்ந்த ஊரில் சோதித்தவை. மே மாதம் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும் மதியத்தில், மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையில் அதே எண்கள் நிற்குமா என்பதுதான் நமக்கு முக்கியம். அதனால் சூட்டைப் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரை முழுக்க வரும்.

யாருக்கு இது பயன்

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரை வைத்து கேம் ஆடும் மாணவர்களுக்கு இதில் கிடைக்கும் பலன் மிக அதிகம். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது; அது ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. ரேம் வேகமானால் கேம் நேரடியாக வேகமாகும். நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்து, அதிக பிரேம்களுக்காக ஆடுகிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியும்.

டேலி, பில்லிங், ஆபீஸ் வேலை, பிரவுசிங் மட்டும் செய்யும் கம்ப்யூட்டருக்கு இது தேவையே இல்லை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கு இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன்: நிறுவனம் சோதித்த வேகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்தின் முகூர்த்தக் காட்சிகள் உங்கள் ஹார்டு டிஸ்கில் இருக்கும்போது ரெண்டரில் மிச்சமாகும் சில நிமிடங்களுக்கு மதிப்பில்லை. ரேம் பிழை செய்தால் எப்போதும் புளூ ஸ்க்ரீன் வந்து எச்சரிக்காது. காப்பி ஆகும் ஃபைலில் ஒரு பிட் மாறி, யாருக்கும் தெரியாமலே கெட்டுப்போயிருக்கும்.

டைமிங் என்றால் என்ன

ரேம் லேபிளில் 16-18-18-38 என்று நான்கு எண்கள் இருக்கும். முறையே சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி, டிஆர்ஏஎஸ். ரேம் சிப்புக்குள் தகவல் வரிசை வரிசையாகக் கிடக்கிறது. எதைப் படிக்க வேண்டுமானாலும் முதலில் அந்த வரிசையைத் திறக்க வேண்டும். வேறு வரிசை வேண்டுமானால் திறந்ததை மூடிவிட்டுத்தான் போக முடியும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்களை உட்காரவைத்து இலை போட்டு முடிக்கும் நேரம் டிஆர்சிடி. உட்கார்ந்த பந்தியில் ஒருவர் சாம்பார் கேட்டால் அது இலைக்கு வந்து சேரும் நேரம் சிஎல். இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த பந்திக்குத் தயாராகும் நேரம் டிஆர்பி. உட்கார்ந்தது முதல் எழும்வரை குறைந்தபட்சம் விட்டே ஆகவேண்டிய நேரம் டிஆர்ஏஎஸ். ஒரு பந்தி தொடங்கி அடுத்த பந்தி தொடங்கும்வரை ஆகும் மொத்த நேரத்துக்கும் ஓர் எண் உண்டு: டிஆர்சி. டிஆர்ஏஎஸ்ஸையும் டிஆர்பியையும் கூட்டினால் வருவது அதுதான்.

இந்த எண்கள் எல்லாம் கிளாக் துடிப்புகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். சிஎல் 16 என்பது சிஎல் 18-ஐ விட எப்போதும் வேகம் என்று நினைத்துவிடக் கூடாது. கிளாக் வேகமானால் ஒரு துடிப்பின் நீளம் குறையும். உண்மையான நேரத்தை நானோ செகண்டில் பார்க்க ஒரு கணக்கு உண்டு: சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேகத்தால் வகுக்கவும்.

3200 வேகம், சிஎல் 16 என்றால் 10 நானோ செகண்ட். 3600, சிஎல் 18 என்றாலும் அதே 10. 3600, சிஎல் 16 என்றால் 8.89. விலை குறைந்த ஸ்டிக்குகளில் வரும் 3200, சிஎல் 22 என்றால் 13.75. டிடிஆர்4-க்கு அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-இல் 6000, சிஎல் 30 போட்டாலும் 10 நானோ செகண்ட்தான்; ஆனால் 4800, சிஎல் 40 வாங்கினால் 16.67 ஆகிவிடும். ரேம் வாங்கப் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணுக்கு மட்டும் காசு கொடுக்க மாட்டீர்கள்.

முதல் படி: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதில் மெமரி பக்கத்தில் டிராம் ஃப்ரீக்வென்சி என்று 1600 காட்டினால் உங்கள் ரேம் 3200-இல் ஓடுகிறது என்று பொருள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் காட்டும் எண் பாதியாகத்தான் இருக்கும். அதே பக்கத்தில் டூயல் சேனலா, அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே இரண்டு பாதையும் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

டூயல் சேனல் இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம். ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டு 3200-இல் ஓட்டினால் அதிகபட்சம் நொடிக்கு 25.6 ஜிபி; இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டால் 51.2 ஜிபி. எந்த டைமிங் திருத்தமும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடும்போது, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இரண்டையும் செருகி, ஆண்டுக்கணக்கில் ஒற்றைச் சேனலில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

அடுத்து, ஸ்டிக்கின் தகவல் சிப்பில் பதிந்திருப்பதைக் காட்டும் எஸ்பிடி பக்கம். அங்கே ஸ்டிக்கின் பார்ட் நம்பர், ரேங்க் (சேர்ந்து வேலை செய்யும் சிப் தொகுதி) எண்ணிக்கை, எக்ஸ்எம்பி புரொபைல் இருக்கிறதா என்பது தெரியும். முதலில் சொன்ன, நிறுவனம் சோதித்த வேகம் பதிந்திருப்பது இந்தப் புரொபைலில்தான். எக்ஸ்எம்பி என்பது இன்டெல் 2007-இல் டிடிஆர்3 காலத்தில் கொண்டுவந்தது. டிடிஆர்5-க்கு ஏஎம்டி 2022-இல் எக்ஸ்போ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டும் செய்வது ஒரே வேலைதான்.

போர்டு அனுமதிக்குமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இன்டெலில் எச்310, எச்410, எச்510, எச்610 போர்டுகள் பிராசசருக்கு உரிய வேகத்துக்கு மேல் ரேமை ஏற்ற விடாது. பி560 முதல் பி வரிசைப் போர்டுகளிலும், எல்லா இசட் வரிசைப் போர்டுகளிலும் முடியும். ஏஎம்டியில் பி450, ஏ520, பி550 எல்லாவற்றிலும் வழி உண்டு. லேப்டாப்பிலும், பெரிய நிறுவனங்களின் ரெடிமேட் டெஸ்க்டாப்பிலும் பயாஸ் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அவற்றில் இரண்டாவது ஸ்டிக் போடுவதோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: தொடுவதற்கு முன்

முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். செருகி வைத்துவிட்டு 'பேக்கப் இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. முடிந்தால் பழைய எஸ்எஸ்டி ஒன்றில் தனியாக விண்டோஸ் போட்டு அதில் சோதனை செய்யலாம்.

பயாஸில் இப்போது இருக்கும் எண்களை போனில் போட்டோ எடுங்கள். டிஸ்பிளே வராமல் போனால் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர போர்டில் சிமோஸ் கிளியர் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று மேனுவலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஜம்பர் இல்லையென்றால் கரண்டை எடுத்துவிட்டு, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் போதும்.

அப்புறம் கரண்ட். மெமரி சோதனைகள் மணிக்கணக்கில் ஓடுபவை. காத்தடி காலத்தில் லைன் விட்டுவிட்டு வரும் ஊரில் நடுவில் ஒருமுறை போய்வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருப்பவர்கள், இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் லைன் மாறும் அந்தக் கணத்துக்குள் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதால் கரண்ட் போனதே தெரியாது. ரேம் எண் தாங்கவில்லை என்று நினைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எண்ணை விட்டுவிடுவோம். சோதனை நாட்களில் கம்ப்யூட்டருக்கென்று தனி யூபிஎஸ் இருப்பது நல்லது.

ஸ்டிக்கின் தங்கமுலாம் பூசிய பற்களையும் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்று. திசையன்விளைப் பக்கம் தேரி மண். கம்ப்யூட்டருக்குள் இரண்டும் போகும். மென்மையான வெள்ளை அழிரப்பரால் லேசாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். சரியாக உட்காராத ஸ்டிக் தரும் பிழையும், தாங்காத டைமிங் தரும் பிழையும் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.

மூன்றாம் படி: எக்ஸ்எம்பியைப் போட்டு, அதையும் சோதியுங்கள்

பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்து சேமியுங்கள். சில ஏஎம்டி போர்டுகளில் இதே வசதி டிஓசிபி என்றோ ஏ-எக்ஸ்எம்பி என்றோ இருக்கும். டிடிஆர்4 என்றால் வோல்டேஜ் 1.2-லிருந்து பெரும்பாலும் 1.35-க்குப் போகும். டிடிஆர்5 போர்டுகளில் முதல்முறை பூட் ஆகும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமோடு பேசிப் பழகும் நேரம் அது. பயந்து பவரை அணைக்காதீர்கள்.

எக்ஸ்எம்பி நிறுவனம் சோதித்த எண்தானே, அதை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவனம் சோதித்தது ஸ்டிக்கை. உங்கள் பிராசசருக்குள் இருந்து ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரையோ, உங்கள் போர்டையோ, உங்கள் அறையையோ சோதித்திருக்க முடியாது. எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான்.

மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் 4 சுற்றும் ஓட விடுங்கள். இதில் ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்றே ஒன்றுதானே என்று விடுவதற்கு இடமில்லை. இது முடிந்ததும் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடியின் மெமரி சோதனை. இவை மெம்டெஸ்ட்86 கண்டுபிடிக்காத பிழைகளையும் வெளியே கொண்டுவரும்.

இங்கே பிழையில்லாமல் வந்த நிலைதான் உங்கள் அடித்தளம். ஐடா64 என்ற மென்பொருளில் ரேமைப் படிக்கும் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து எழுதி வையுங்கள். நீங்கள் ஆடும் கேமின் பிரேம் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பலருக்கு இத்தோடு போதும். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

நான்காம் படி: ரேமின் உள்ளே யார் சிப் இருக்கிறது

இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்பது லேபிளில் இருக்கும் பிராண்டைப் பொறுத்ததல்ல. ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் உலோகத் தகடான ஹீட் ஸ்பிரெடருக்குக் கீழே இருக்கும் சிப் யாருடையது என்பதுதான் விஷயம். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் சிப்புகள்தான் பெரும்பாலான ஸ்டிக்குகளில் இருக்கும். ஒரே பார்ட் நம்பரில் இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று மாறி வருவதும் வழக்கம்.

எக்ஸ்எம்பி எண்களைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். டிடிஆர்4-இல் 3200 வேகத்துக்கு 14-14-14, 3600-க்கு 16-16-16 என்று மூன்று எண்ணும் சமமாகவும் சின்னதாகவும் இருந்தால் அது சாம்சங் பி-டை ('டை' என்பது சிப்பின் பதிப்பு). டைமிங் திருத்துபவர்கள் தேடித் தேடி வாங்குவது இதைத்தான். வோல்டேஜ் கொடுக்கக் கொடுக்க எல்லா எண்ணும் இறங்கும். ஆனால் சூட்டைத் தாங்காது. 45, 50 டிகிரியை நெருங்கும்போது இறுக்கிய எண்களில் பிழை காட்டத் தொடங்கிவிடும். நம் ஊரில் இதை வைத்திருப்பவர்கள் மற்ற யாரையும்விட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

16-18-18, 18-22-22 என்று முதல் எண் சின்னதாகவும் அடுத்த இரண்டும் பெரியதாகவும் இருந்தால் ஹைனிக்ஸ் அல்லது மைக்ரான் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரான் இ-டை வேகத்தில் நன்றாக ஏறும். வோல்டேஜ் கொடுத்தால் சிஎல் இறங்கும். டிஆர்சிடி மட்டும் என்ன செய்தாலும் அசையாது. ஹைனிக்ஸ் சிஜேஆர், டிஜேஆர் இரண்டும் இதேபோல நடுத்தரமாக, நம்பி வைத்துக்கொள்ளக்கூடியவை. சாம்சங் சி-டை என்றால் 1.35 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதில் லாபம் இல்லை. சில சமயம் நிலைமை மோசமாகும். டிடிஆர்5-இல் 6000 வேகத்துக்கு 30-38-38 என்று வருபவை பொதுவாக ஹைனிக்ஸ். இப்போதைக்கு நல்ல தேர்வும் அதுதான்.

கோர்செர் ஸ்டிக்குகளில் லேபிளிலேயே பதிப்பு எண் அச்சிட்டிருக்கும். அதன் முதல் இலக்கம் 3 என்றால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். 4.31 என்று இருந்தால் பி-டை. குரூஷியல் மைக்ரானின் சொந்தப் பிராண்ட் என்பதால் அதில் குழப்பம் இல்லை. மற்றவற்றுக்கு தைபூன் பர்னர் என்ற மென்பொருள் ஸ்டிக்கில் பதிந்திருக்கும் தகவலைப் படித்துச் சொல்லும். அது சொல்வது எப்போதும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்எம்பி எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஹீட் ஸ்பிரெடரைப் பிய்த்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். ஒட்டோடு சிப்பும் பெயர்ந்து வரும்.

2025 கடைசியில் ரேம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து பழைய டிடிஆர்4 ஸ்டிக்குகளைத் தேடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டையிலோ டவுனிலோ செகண்ட்ஹேண்ட் ஸ்டிக் பார்க்கப் போனால், "அண்ணாச்சி, லேபிளை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிப்பு எண்ணும் டைமிங்கும் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்து, வெளியே வந்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஜோடியாக விற்றதை ஜோடியாகவே வாங்குங்கள். வேறு வேறு ஸ்டிக் இரண்டைச் சேர்த்தால் இரண்டில் மோசமானதன் எல்லைதான் உங்கள் எல்லை.

ஐந்தாம் படி: வேகம் முதலில், டைமிங் பிறகு

ஓர் எடுத்துக்காட்டோடு போகலாம். ரைசன் 5 5600ஜி, பி550 போர்டு, 3200 வேகத்தில் 16-18-18-38 எண் உள்ள இரண்டு 8 ஜிபி ஸ்டிக்.

முதலில் டைமிங்கைத் தளர்த்தி வேகத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள்: 3600 வேகம், 18-22-22-42, வோல்டேஜ் 1.35. ரைசன் 3000, 5000 வரிசைகளில் ஒரு விதி உண்டு. பிராசசரின் உள்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் கிளாக், ரேமின் உண்மையான கிளாக்கோடு சமமாக ஓட வேண்டும். 3600 ரேமுக்கு ஃபேப்ரிக் 1800. இந்தச் சமம் உடைந்தால் ரேம் வேகம் கூடியும் தாமதம் ஏறிவிடும். பல ரைசன்களில் 1900-க்கு மேல் ஃபேப்ரிக் நிலைப்பதில்லை. அதனால் 3600-லிருந்து 3800 வரைதான் நல்ல இடம். ரைசன் 7000-இல் கணக்கு வேறு; அங்கே 6000 வேகத்தைப் பிடித்துக்கொண்டு டைமிங்கில் கவனம் வைக்கலாம். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து கியர் 1 (மெமரி கன்ட்ரோலர் ரேமின் கிளாக்கிலேயே ஓடுவது), கியர் 2 (அதில் பாதியில் ஓடுவது) என்று இருக்கிறது. டிடிஆர்4 போட்டிருந்தால் கியர் 1 விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3600-இல் பிழையில்லாமல் ஓடினால் இனி டைமிங். ஒரு நேரத்தில் ஓர் எண். சிஎல்லை 18-லிருந்து 16-க்குக் கொண்டுவந்து சோதியுங்கள். ஓடவில்லையென்றால் வோல்டேஜை 1.38, 1.40 என்று சின்னச் சின்னதாக ஏற்றிப் பாருங்கள். பிறகு டிஆர்சிடி: 21, 20, 19. எங்கே பிழை வருகிறதோ அதற்கு ஒரு எண் மேலே நில்லுங்கள். டிஆர்பி அதேபோல. டிஆர்ஏஎஸ்ஸை சிஎல்லையும் டிஆர்சிடியையும் கூட்டி, அதற்கு மேல் இரண்டு மூன்று சேர்த்து வைத்தால் போதும். அதை இறுக்குவதில் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கால் மணி, அரை மணி நேரச் சின்ன சோதனை. எல்லாம் முடிந்த பிறகு நீண்ட சோதனை. ஒரே மூச்சில் நான்கு எண்ணையும் இறக்கினால் எது தாங்கவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

டிடிஆர்4-க்குத் தினசரி ஓட்ட 1.40, போனால் 1.45 வோல்ட், அதுவும் கேபினட்டில் காற்றோட்டம் இருந்தால். 1.5 என்பது பி-டை வைத்திருந்து, ஸ்டிக்குகள் மேலேயே ஒரு ஃபேன் ஊதுகிறவர்களுக்கு. ரைசனில் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை பழைய ஏஎம்4 (ரைசன் 5000 வரை) போர்டுகளில் 1.1-லிருந்து 1.15-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஏஎம்5 (ரைசன் 7000 முதல்) போர்டுகளில் 2023-இல் சில பிராசசர்கள் எரிந்துபோன பிறகு ஏஎம்டி 1.3 என்று எல்லை வைத்தது. பழைய பயாஸோடு ஒரு போர்டு கைக்கு வந்தால் முதலில் பயாஸை அப்டேட் செய்துவிட்டுத்தான் எக்ஸ்போவைத் தொட வேண்டும்.

ஆறாம் படி: ரெஃப்ரெஷ் எண்கள்

முதல் நான்கு எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நிஜத்தில் நல்ல பலன் கிடைப்பது டிஆர்எஃப்சியில். வெயில் போய்த் தாக்குவதும் அதைத்தான்.

ரேமில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய கெப்பாசிட்டர் ஒன்றில் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். அழிந்துபோகும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். டிடிஆர்4-இல் 64 மில்லி செகண்டுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை நிரப்பியாக வேண்டும் என்பது விதி. அந்த வேலையை 8192 பங்காகப் பிரித்து, 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை செய்கிறார்கள். இந்த இடைவெளிதான் டிஆர்இஎஃப்ஐ. ஒவ்வொரு முறையும் நிரப்பும் வேலை முடியும்வரை சிப் வேறு எதற்கும் பதில் சொல்லாது. அந்த நேரம் டிஆர்எஃப்சி. 8 கிகாபிட் சிப்புக்கு விதிப்படி 350 நானோ செகண்ட். 3200 வேகத்தில் 560 துடிப்பு, 3600-இல் 630.

ஆனால் நல்ல சிப்புகளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. சாம்சங் பி-டை 180 நானோ செகண்டுக்குக் கீழேயே முடித்துவிடும். ஹைனிக்ஸ் சிஜேஆர், டிஜேஆருக்கு 260 முதல் 280 வரை. மைக்ரான் இ-டைக்கு 290, 300. நானோ செகண்டை ரேம் வேகத்தால் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் பயாஸில் போடவேண்டிய எண் வரும். 280 நானோ செகண்ட், 3600 வேகம் என்றால் 504. தளர்ந்த எண்ணில் தொடங்கி மெதுவாக இறங்குங்கள்.

டிஆர்இஎஃப்ஐ மட்டும் தலைகீழ்: எண் கூடினால் வேகம். இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5-லும் இதைத் திருத்தலாம். இணையத்தில் 65535 போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டால் கெப்பாசிட்டர்கள் வெகுநேரம் நிரப்பப்படாமல் இருக்கும். சூடு கூடக்கூடக் கசிவு கூடும். விதியே 85 டிகிரிக்கு மேல் போனால் இருமடங்கு அடிக்கடி நிரப்பச் சொல்கிறது. நம் பக்கத்தில் மே மாதத்தை ஏசி இல்லாமல் தாண்ட வேண்டிய கம்ப்யூட்டருக்கு அந்த எண் வேண்டாம். ஆட்டோவில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு வரை போய்ப் பாருங்கள். அதற்குமேல் ஸ்டிக்கின் சூட்டை அளக்க வழி இருந்தால் மட்டும்.

மற்ற இரண்டாம் நிலை எண்களில், வரிசைகளை அடுத்தடுத்துத் திறப்பதற்கு இடையே விடும் நேரமான டிஆர்ஆர்டி எஸ் 4, டிஆர்ஆர்டி எல் 6, டிஎஃப்ஏடபிள்யூ 16 என்ற மூன்றையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். பல ஸ்டிக்குகள் இதைத் தாங்கும். மீதியை ஆட்டோவிலேயே விட்டுவிடுங்கள்.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பது

ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று: சிப், பிராசசரின் மெமரி கன்ட்ரோலர், போர்டு. எது என்று தெரிந்தால் வீண் உழைப்பு மிச்சம்.

டைமிங்கை எவ்வளவு தளர்த்தினாலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிஸ்பிளேயே வரவில்லையென்றால் பெரும்பாலும் கன்ட்ரோலரோ போர்டோதான். ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். தனியாக ஏறி, ஜோடியாக ஏறவில்லையென்றால் சிப் குற்றவாளி அல்ல. நான்கு ஸ்லாட்டும் நிறைந்திருந்தால் கன்ட்ரோலருக்குச் சுமை மிக அதிகம். நான்கு ஸ்டிக் வைத்திருப்பவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. இரட்டை ரேங்க் ஸ்டிக்கும் கன்ட்ரோலருக்குச் சற்றுக் கனம்தான், ஆனால் அதே வேகத்தில் ஒற்றை ரேங்கைவிட நன்றாக வேலை செய்யும்.

இரண்டு ஸ்டிக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக்கில் கோளாறு. ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு.

வோல்டேஜ் கூட்டியதும் பிழை குறைந்தால் சிப்பில் இன்னும் இடம் இருக்கிறது. வோல்டேஜ் கூட்டியதும் பிழை அதிகமானால் சூடு. சோதனை தொடங்கிய உடனே பிழை வந்தால் எண் மிக இறுக்கம். முக்கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, ஸ்டிக் சூடேறிய பிறகு பிழை வந்தால் டிஆர்எஃப்சியையும் டிஆர்இஎஃப்ஐயையும் முதலில் சந்தேகப்படுங்கள். இந்த வேறுபாட்டைக் கவனிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஏழாம் படி: மதியச் சோதனை

தென்காசி 2019-இலேயே தனி மாவட்டமாகிவிட்டாலும் பருவம் நமக்கு ஒன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒரே பருவத்தில் ஊருக்கு ஊர் சூடு வேறு. ஜூலையில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது தென்காசியில் பிழையில்லாமல் ஓடிய எண்களை, நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ இருக்கும் நண்பர் அப்படியே எடுத்துப் போட்டால் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. தென்காசிக்காரருக்கே அடுத்த ஏப்ரலில் அது ஓடாமல் போகலாம்.

எனவே கடைசிச் சோதனையை மதியம் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் வையுங்கள். கேபினட்டின் பக்கக் கண்ணாடியை மூடித்தான் வைக்க வேண்டும். ஏசி இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் சேர்த்து வேலை வாங்குங்கள், ஏனென்றால் கார்டிலிருந்து எழும் சூடு நேராக ரேம் மேல்தான் போகிறது. மெமரி சோதனை மட்டும் ஓடும்போது நின்ற எண்கள் கேம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் விழுவதற்குக் காரணம் இதுதான். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஸ்டிக்கின் வெப்பநிலையைப் பார்க்கலாம். டிடிஆர்5-இல் சென்சார் உள்ளேயே இருக்கிறது. விலை குறைந்த டிடிஆர்4 ஸ்டிக்குகள் பலவற்றில் இருக்காது. அப்போது அறையின் வெப்பநிலையையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் திருத்துகிறீர்கள், மதியமே 30 டிகிரிதான் என்றால் நின்ற எண்ணிலிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். டிஆர்எஃப்சியில் 20, 30 துடிப்பு கூட்டி, சிஎல்லை அப்படியே விடலாம். மே மாதம் வந்ததும் மறுபடி ஒருமுறை சோதியுங்கள். முன்பக்க ஃபேனின் தூசி வலையையும் அதற்கு முன் தட்டிவிடுங்கள். அடைத்துப்போன வலையோடு செய்யும் சோதனைக்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்று காலைச் சோதனை. கம்ப்யூட்டரை முழுக்க அணைத்து, சுவிட்சையும் ஆஃப் செய்து, சில மணி நேரம் கழித்துப் போடுங்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் போர்டு ரேமோடு மறுபடி பழகுகிறது. எல்லையில் இருக்கும் எண்கள் ஒருநாள் பழகும், ஒருநாள் பழகாது. நாளெல்லாம் நன்றாக ஓடிவிட்டுக் காலையில் டிஸ்பிளே வராமல் இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எரிந்தால், வேகத்தை ஒரு படி குறைப்பதுதான் சரி.

சில நாள் சாதாரணமாகப் பயன்படுத்தும்போதும் கவனியுங்கள். பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது சிஆர்சி பிழை (ஃபைல் கெட்டிருக்கிறது என்ற செய்தி), காரணமில்லாமல் மூடிக்கொள்ளும் பிரவுசர் டேப், எந்தச் செய்தியும் இல்லாமல் டெஸ்க்டாப்புக்குத் திரும்பும் கேம் ஆகிய மூன்றில் எது வந்தாலும் விண்டோஸைக் குறை சொல்வதற்கு முன் எக்ஸ்எம்பி எண்களுக்குத் திரும்பிப்போய்ப் பாருங்கள்.

எல்லாம் நிலைத்ததும் பயாஸில் புரொபைலாகச் சேமித்து, அந்தத் திரைகளைப் போட்டோ எடுத்து, எந்த மாதம் எந்த வெப்பநிலையில் சோதித்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஏஎம்டியில் ஜென்டைமிங்ஸ் மென்பொருள் எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும். அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போனுக்கு அனுப்பிவிடலாம். பயாஸ் அப்டேட் செய்தால் சேமித்த புரொபைல் பெரும்பாலும் அழிந்துவிடும். புதிய பயாஸ் ரேமோடு பழகும் விதமும் மாறியிருக்கலாம் என்பதால், பழைய எண்களையே போட்டாலும் நீண்ட சோதனையை மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டும்.